முடிச்சில்லாத பாதி

செங் ஊரில் இரண்டு பட்டறை, கிளேபாங்கில் மாடி வீடு. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் யார் தயவுமின்றிக் கட்டியவை. ஆனால் நேற்று பேத்தியின் மணிமாலை அறுந்தபோது தரையில் தவழ்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன்.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டு. காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் அக்கா பட்டுக்கயிற்றில் கண்ணாடி மணி கோப்பாள். பக்கத்து வீட்டுக் கல்யாண மாலையில் பாதியை என்னிடம் தந்தாள்.

“ஒவ்வொரு மணிக்கும் முடிச்சு போடுடா தம்பி. இல்லன்னா அறுந்தா எல்லாம் கொட்டிடும்.”

தெருவில் கொடி கட்டுவதைப் பார்க்கும் அவசரத்தில் நான் முடிச்சே போடவில்லை. மணவறையில் கயிறு அறுந்து, என் பாதி மணிகள் தரையெங்கும் உருண்டன.

“முடிச்சு போடத் தெரியாதவளுக்கு மணி வேலை எதுக்குலா?” என்றார் பெண்ணின் தாயார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. பிறகு அவளிடம் யாரும் மாலை கேட்கவில்லை.

இன்றும் விசேஷங்களில் அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்கிறார்கள். இனி என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். அறுந்த பாதி நான் செய்தது.