நான் சொன்னதும் நேர்ஸ் எழுதியதும்

எட்டாம் வகுப்பு இறுதிச் சோதனைக்கு நான் போகவில்லை. இலங்கையில் சண்டை நடந்த அந்த வருடம் மூன்று தரம் இடம்பெயர்ந்தோம். மூன்றாவதாகப் போன இடத்தில் பள்ளிக்கூடமே இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதிப் பாஸான ஒரே சோதனை சிட்னியில் கார் லைசென்ஸுக்கு எழுதியதுதான். கேள்விகளையும் பதில்களையும் மகள் வாசித்துக் காட்ட, தேவாரம் போலப் பாடமாக்கினேன். ஓட்டிக் காட்டுகிற சோதனையில் மூன்று தரம் பெயில். நாலாம் தரம் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் "வெல் டன்" என்று கை நீட்டியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. காரை விட்டு இறங்கி, அந்த அலுவலகத்துச் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன்.

இப்போது ஐம்பத்திரண்டு. முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கிற பகுதியில் வேலை. காலை ஆறு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். நான் இருக்கிற வென்ட்வேர்த்வில்லில் இருந்து காரில் போனால் இருபது நிமிடம். ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனால் ஒன்றே கால் மணித்தியாலம், அதுவும் பஸ் வந்தால். லைசென்ஸ் போனால் வேலை போய்விடும் என்று நான் பயப்படாத நாள் இல்லை. லைசென்ஸ் போவதற்கு ஒரு காரணமும் இல்லாத காலத்திலேயே பயந்துகொண்டுதான் இருந்தேன். என் குணம் அப்படி. அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்க மாடிப்படியில் பாதி இறங்கித் திரும்பி ஏறுகிற ஆள் நான்.

மருத்துவக் காப்புறுதிக் கம்பனியில் இருந்து கடிதம் வந்தபோதும் பயம்தான் முதலில் வந்தது. எனக்கு நீரிழிவு இருக்கிறது. மகள் வாசித்துச் சொன்னாள்.

"அம்மா, சீனி வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு வீட்டுக்கே நேர்ஸ் அனுப்பிச் செக் பண்ணுகினமாம். ஃப்ரீ. ஒரு மணித்தியாலம்தான்."

"ஃப்ரீயா ஏன் செய்யினம்? ஏதோ பிடிக்கப் பாக்கினம்."

"உங்களைப் பிடிச்சு என்ன செய்யிறது? வித்துப் போட்டுக் காசாக்கவா?" என்று சிரித்தாள். "தமிழ் நேர்ஸ் வேணுமெண்டு கேட்டிருக்கிறன். வருவா. நீங்க சும்மா கதையுங்கோ."

தமிழ் நேர்ஸ் என்றதும் பயம் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு வீடு துடைத்தேன். குசினி அலுமாரிக் கதவு, ஜன்னல் கரை, கட்டிலுக்குக் கீழே என்று இரண்டு நாள் துடைத்தேன். வருகிற பிள்ளைக்கு ரோல்ஸ் சுட்டு, பருப்பு வடையும் போட்டு வைத்தேன்.

வந்தது முப்பது வயது மதிக்கத்தக்க பிள்ளை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. "அன்ரி, வீடெல்லாம் இப்பிடி மணக்குது, நான் வேலையா வந்தனானோ, சாப்பிட வந்தனானோ?" என்றாள். முதலில் சாப்பிடச் சொன்னேன். இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டாள். பிறகு பிரஷர் பார்த்தாள், விரலில் குத்திச் சீனி பார்த்தாள், என் பாதங்களை மடியில் தூக்கி வைத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டாள். என் பாதத்தை அப்படி யாரும் தொட்டு எவ்வளவோ காலம். கணவர் இறந்து ஏழு வருடம்.

குளிசைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அன்ரி, விரதமெல்லாம் பிடிக்கிறனீங்களோ? எங்கட அம்மாவும் பிடிப்பா. சொன்னாலும் கேக்கமாட்டா."

"ஓம் பிள்ளை. கந்தசட்டி ஆறு நாளும் பிடிக்கிறனான். பின்னேரம் ஒரு கிளாஸ் பால், ரெண்டு பழம். அவ்வளவுதான்."

"அப்ப குளிசை?"

"அதை விடுறேல்லை. ஒரு நாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். காலமை எழும்பினவுடன போட்டிடுவன்."

அவள் கை நின்றது. "வெறும் வயித்திலயோ?"

சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கலாம். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. விடாதே என்றார், விடவில்லை. விரதமும் விடக்கூடாது, குளிசையும் விடக்கூடாது. இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தலை சுத்தினதோ அன்ரி?" என்று கேட்டாள். குரல் மெதுவாக, தன் தாயைக் கேட்பது போல இருந்தது. யாருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன்.

போன கந்தசட்டியில் நாலாம் விரத நாள். வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போகிற வழி. கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது, முன்னால் போன வாகனத்தின் சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. வட்டச் சந்தியில் கார் ஓரக் கல்லில் ஏறி நின்றது. நல்ல காலம், அதில் யாரும் நிற்கவில்லை. பின் ஸீற்றில் அபிஷேகத்துக்கு வாங்கிய இரண்டு லீற்றர் பால் போத்தல் இருந்தது. மூடியைத் திறந்து, முருகனுக்கு வைத்த பாலை, உடுப்பெல்லாம் சிந்தக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை. கார்ச் சக்கரச் சில்லில் பட்ட கீறலுக்கு, கடைப் பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டார்கள் என்று மகளிடம் சொன்னேன். கார் ஏறியதை விட, சுவாமியின் பாலைக் குடித்ததுதான் என்னை அதிகம் அரித்தது.

"முருகன் கோவிக்க மாட்டார் அன்ரி, நீங்க குடிக்காட்டித்தான் கோவிச்சிருப்பார்," என்றாள் அந்தப் பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது.

போகும்போது டப்லட் கம்ப்யூட்டரை நீட்டினாள். "இதில ஒரு சைன் போடுங்கோ அன்ரி."

நான் பயந்த சுபாவம் என்றேனே, கேட்காமல் விடவில்லை. "இது ஆருக்குப் போகும் பிள்ளை?"

"உங்கட டொக்டருக்குப் போகும். நீங்க குடுத்த ஈமெயிலுக்கும் ஒரு கொப்பி வரும். வேற ஒருத்தருக்கும் இல்லை."

கையெழுத்து வைத்தேன். மிச்ச ரோல்ஸையும் வடையையும் பெட்டியில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

நான் கொடுத்த ஈமெயில் என்று ஒன்று இல்லை. மின்சாரம், தண்ணீர், பாங்க், காப்புறுதி எல்லாவற்றுக்கும் மகளின் ஈமெயில்தான். என் வயதில் இங்கே இருக்கிற எங்கள் ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். படிவத்தைப் பிள்ளை நிரப்பும், நாங்கள் கையெழுத்து வைப்போம். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை.

நாலு நாள் கழித்து டொக்டரிடம் இருந்து அழைப்பு. மகள் லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். நான் அதை அன்பு என்று நினைத்தேன். டொக்டர் குளிசையை மாற்றினார், இதையும் சாப்பிடாமல் போட்டால் சீனி இறங்கிவிடும் என்று கோபமில்லாமல் சொன்னார், பிறகு கார் ஓட்டக்கூடாது என்றார். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு. நாள்தோறும் சீனி பார்த்து ஒரு குறிப்புக் கொப்பியில் எழுதி, அது ஒருநாளும் அப்படி விழவில்லை என்று கண்ட பிறகு, ஓட்டலாம் என்று கடிதம் தருவாராம். ரிப்போர்ட்டை நானும் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பெண் ஒரு பிரதி எடுத்துத் தந்தாள்.

மகள் வேலைக்குப் போன பிறகு மேசையில் விரித்து வைத்து, போனைத் தாள் மேலே பிடித்தேன். இங்கிலீஷைப் படம் பிடித்துத் தமிழாக்கிக் காட்டுகிற வேலையை அந்தப் போன் செய்யும். நல்ல இலக்கணத் தமிழில் என்னையே எனக்குச் சொல்லியது. பங்கேற்பாளர் மதச் சடங்குக்காக வாங்கிய பாலை அருந்தியதாகத் தெரிவித்தார். பங்கேற்பாளர் நிகழ்வைக் குடும்பத்தாரிடமிருந்து மறைத்தார். பால் கூட எழுதப்பட்டிருந்தது. பெட்டியில் கொடுத்த வடையைத் தவிர எல்லாம் இருந்தது.

அதற்கும் மேலே, முதல் பக்கத்தில், வருகைக்கான காரணம் என்று ஒரு கட்டம். அதில் போன் காட்டியது: மகள் இணையவழிப் படிவத்தில் கவலை தெரிவித்துள்ளார். தாயார் உண்மையைக் கூறுவதில்லை. விரதம் குறித்தும் வாகனம் ஓட்டுதல் குறித்தும் கேட்கவும்.

போனைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தேன். அதே சொற்கள்தான். எங்கட அம்மாவும் பிடிப்பா என்று அந்தப் பிள்ளை சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது அவளாகக் கேட்ட கேள்வி இல்லை. என் வீட்டில் இருந்தே எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்வி. இரண்டு நாள் நான் குனிந்து துடைத்த வீட்டுக்குள், எனக்குத் தெரியாமல், நான் பொய்க்காரி என்று முன்கூட்டியே எழுதி அனுப்பி, ஆள் வரவழைத்திருக்கிறாள். சும்மா கதையுங்கோ என்றாளே.

மகள் வந்ததும் தாளை அவள் முன்னால் போட்டேன்.

"இது என்ன?"

அவள் பார்த்துவிட்டுப் பையைக் கதிரையில் வைத்தாள். "நான் கேட்டா சொல்லியிருப்பீங்களோ?"

"என்னட்டக் கேட்டனியோ?"

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? சில்லைப் பாத்து மூண்டு தரம் கேட்டனான். பார்க்கிங்கில இடிச்சா சில்லு மட்டும் எப்பிடிக் கீறும்? விரத நேரம் முகம் வெளுத்து, கை நடுங்க நிக்கிறீங்கள், கேட்டா ஒண்டுமில்லை. எல்லாத்துக்கும் ஒண்டுமில்லை."

"அதுக்கு ஊராளைக் கூட்டிவந்து என்ர வாயைப் பிடுங்குறதோ? சி.ஐ.டி. வேலை பாத்திருக்கிறாய்."

"அங்க ஒரு பிள்ளை நிண்டிருந்தா? அதை யோசிச்சனீங்களோ?"

யோசித்திருக்கிறேன். அந்த வட்டச் சந்தியில் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையை நிறுத்தி யோசித்திருக்கிறேன். அதைத்தான் அவளுக்குச் சொல்ல முடியாமல் இருந்தது. அன்றும் சொல்லவில்லை. "உனக்கு வாசிச்சுக் காட்டத் தெரிஞ்ச மாதிரி எழுதிக் குடுக்கவும் தெரிஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதுகொண்டு அறைக்குள் போனாள். நான் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, கூப்பிடவில்லை.

அந்த நாளில் இருந்து வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டீங்களோ? ஓம். சீனி பாத்தனீங்களோ? ஓம். எவ்வளவு? கொப்பியில இருக்கு. காலையில் என்னை வேலையில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று ரயிலில் போனேன். ரயிலில் இருந்து இறங்கிப் பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் அவளைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அந்த நேர்ஸ் பிள்ளை ஒரு தரம் போன் எடுத்தாள், "அன்ரி, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று. "சுகமா இருக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளோடு எனக்கு இருந்த கோபம் அவ்வளவு பெரிதில்லை. அவளுக்கு அது வேலை.

ஆறாம் கிழமை முடிய டொக்டரிடம் போனோம். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். எல்லா எண்களும் நல்ல எண்கள். "வெரி குட்," என்றார். எனக்கு உள்ளே கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கடிதத்தை எழுதக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவர், மகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், அம்மாவுக்கு நடுக்கம், மயக்கம் ஏதும் வந்ததா?

ஒரு "நோ" போதும். அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு விளங்குகிற அளவு இங்கிலீஷ்தான். எனக்குத் தெரியாது டொக்டர், அவ எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.

டொக்டர் கையைக் கீபோர்ட்டில் இருந்து எடுத்தார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

வரும் வழியில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். "பொய் சொல்ல ஏலாது அம்மா," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். இரண்டாம் தரமும் என்னை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டொக்டரிடம் போவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். குளிசையை விடவில்லை. எட்டு மணிக்குத் துவாய்களை மடித்துக்கொண்டு நின்றபோது கை நடுங்கத் தொடங்கியது. துணிக் கூடைகளுக்குப் பின்னால் நிலத்தில் இருந்து, பையில் கிடந்த நாலு பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். விரலில் குத்திப் பார்க்கவில்லை. குத்தினால் எண் சீனி பார்க்கிற மெஷினில் நிற்கும். கொப்பியில் அன்றைக்கு இரவு பார்த்த எண் மட்டும்தான் இருக்கிறது.

அதை டொக்டருக்குச் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.