செம்பருத்தித் தரை

அமில்காருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பது வருடங்களை மரத்தூளில் கழித்தவன். சொன்சொனாத்தே ஊரின் மர அறுவைப் பட்டறையில் தூள் பெருக்குவது பிழைப்பு. வருடத்துக்கு ஒருமுறை, பெரிய வெள்ளியன்று, அதே தூளுக்குச் சாயம் ஏற்றித் தன் தெரு நீளத்துக்கும் கம்பளம் விரிப்பான். திராட்சைக் கொத்து, மயில், செம்பருத்தி. விடிந்ததிலிருந்து குனிந்தபடி வரைந்ததை, சாயங்காலம் இயேசுவின் கண்ணாடிப் பேழையைச் சுமந்து வருகிறவர்களின் கால்கள் ஒரே நடையில் அழித்துவிட்டுப் போகும். அவனுக்கு அதில் வருத்தமில்லை. மிதிக்கத்தானே போட்டது.

குடியிருப்பது அக்கா ஒஃபேலியாவின் வீட்டில். முன்கட்டில் அவள் புபுசா தட்டி விற்கிறாள்; சோள மாவுக்குள் சீஸ் வைத்துக் கல்லில் போட்டெடுக்கும் வாசனை தெருமுனை வரை போகும். பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அமில்கார் படுப்பான்.

போன தவக்காலத்தில்தான் பெர்லா வந்தாள். தவக்காலத்தில் மாட்டுக்கறி ஆகாது, இகுவானா என்கிற பெரிய ஓணான் ஆகும் என்பது அந்த ஊர்க் கணக்கு. சாலையோரத்தில் விற்றவனிடம் ஒஃபேலியா வாங்கி வந்தாள். கை நீளத்துக்குப் பச்சைப் பிராணி. கால்களை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கடிக்காமலிருக்க வாயை நைலான் நூலால் தைத்திருந்தார்கள். ஒஃபேலியா அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"முட்டையே இல்ல. இதுல சூப்பு வச்சா வெந்நீர்தான் மிஞ்சும். அடுத்த வருசம் வரைக்கும் கொழுக்கட்டும், நீயே வச்சுக் காப்பாத்து."

அமில்கார் பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தான். கடைசி நூல் அறுந்ததும் அது அவன் கட்டைவிரலைக் கடித்தது. அவன் திட்டவில்லை. வாய் தைக்கப்பட்டவர்களுக்கு முதலில் வருவது அதுதான் என்று நினைத்துக்கொண்டான். அன்றே பெர்லா என்று பெயரும் வைத்தான். வேலியில் பூக்கும் செம்பருத்தியைத் தினம் பறித்துக் கொடுத்தான். அவனைக் கண்டதும் அவள் கழுத்தைத் தூக்கும் அளவுக்குப் பழக்கம் வளர்ந்தது.

இந்த வருடத் தவக்காலம் தொடங்கியபோது அவன் துணிந்து கேட்டான்.

"அக்கா, இவள விட்டுடேன். கடைக்கு வர்றவங்க பாத்துட்டு நிக்கிறாங்கல்ல?"

முன்கட்டில் வெயில் படும் இடத்தில்தான் கூண்டு இருந்தது. ஒஃபேலியா யோசித்தாள்.

"விடறேன். ஆனா என் கடையில நாத்தம் வரக் கூடாது. ஒரே ஒருத்தன் மூக்கப் பொத்தினாலும் பெரிய வெள்ளிக்கு அது சட்டியில இருக்கும்."

அன்றிலிருந்து கூண்டின் தரைதான் அமில்காரின் கவலையாயிற்று. முதலில் கம்பிவலை போட்டிருந்தான். கழிவு கீழே விழுந்துவிடும். ஆனால் பெர்லாவின் விரலொன்று வலைக்கண்ணில் சிக்கி நகம் பிய்ந்தது. ஆற்று மணல் கொட்டினான். அவள் போகிற இடமெல்லாம் நாக்கை நீட்டித் தொடுகிறவள், நாக்கு முழுக்க மணல். கால்நடை மருந்துக்கடை டெலியோவிடம் போய்க் கேட்டான்.

"அண்ணே, அது நாக்கால உலகத்தப் பாக்குற சாதி," என்றான் டெலியோ. "வாய்க்குள்ள போற அளவுல எது கெடந்தாலும் அதுக்கு அது தரையில்ல, தீனி. மணல் வேணாம், உமி வேணாம், மரத்தூள் வேணவே வேணாம். சொரசொரப்பா நாலு டைல் போடுங்க. ஈரத்துணியால தொடச்சா வேல முடிஞ்சுது."

"மரத்தூள்ல தூசி இருக்கும், அதுக்குத்தான சொல்றீங்க?"

"தூசியும்தான்."

இடித்த குளியலறையொன்றின் குப்பையிலிருந்து ஆறு டைல் பொறுக்கி வந்து தேய்த்துக் கழுவிப் பதித்தான். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. காலை வெயிலில் சூடேறிய டைலில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு பெர்லா கண்ணை மூடினாள். மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் டைல் ஒஃபேலியாவின் அடுப்புக்கு அடியில் இருந்தது.

"அடுப்பு ஆடுதுடா. மனுசருக்குப் போக மிச்சம்தான் ஓணானுக்கு."

"டெலியோ சொன்னாருக்கா, டைல்தான்..."

"டெலியோ வந்து புபுசா தட்டுவானா?"

செய்தித்தாள் விரித்தான். அது ஊறி, நைந்து, பெர்லாவின் வயிற்றில் ஒட்டியது. ஒருநாள் மதியம் கடை நிறைய ஆள். தட்டை ஏந்தி நின்ற லாரிக்காரன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஒஃபேலியாம்மா, உள்ள வச்சிருக்கிறது சீஸா, ஓணான் பீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒஃபேலியாவும் சிரித்தாள். பிறகு கத்தியை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். "கேட்டுச்சா?"

"ஒரு தடவ, ஒரே தடவ பொறுத்துக்கக்கா. நாளைக்கே மாத்திடறேன்."

பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம் இருந்தது. பின்கட்டில் கம்பளத்துக்கான தூள், சாயம் ஏறி மூட்டை மூட்டையாக உலர்ந்துகொண்டிருந்தது. தூள் ஈரத்தை உறிஞ்சும், வாடையை விழுங்கும். அது அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. டெலியோவின் பேச்சும் நினைவில் இருந்தது. அதனால் ஒரு துளி தூசி இல்லாமல் மூன்று முறை சலித்தான். தெருவில் செய்வதுபோலவே லேசாக நீர் தெளித்துப் பலகையால் அழுத்தினான். வெறும் தூளோடு விட்டிருக்கலாம். கை நிற்கவில்லை. ஓரத்தில் பச்சைக் கரை, அதற்குள் மஞ்சள், நடுவில் ஐந்து இதழ் விரித்த செம்பருத்தி.

நாற்றம் போயிற்று. பூப்போட்ட தரையில் இகுவானா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள்.

"உன் மண்டையிலயும் ஏதோ இருக்கத்தான்டா செய்யுது," என்றாள் ஒஃபேலியா.

அவள் வாயிலிருந்து அவன் வாங்கிய முதல் நல்ல சொல். அன்று அட்டையில் படுத்ததும் தூங்கிப்போனான்.

தினமும் காலையில் இதழ்களில் ஒன்று தேய்ந்திருக்கும். கால் பட்டுக் கலைந்திருக்கும் என்று எண்ணிச் சிவப்புத் தூளை விரல் இடுக்கிலிருந்து உதிர்த்து நிரப்புவான். காற்று கலைத்ததைத் தெருவில் நிரப்புவானே, அப்படி.

பத்து நாளில் பெர்லா நிஜச் செம்பருத்தியைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். வயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. ஒஃபேலியா கூண்டுக்குள் கைவிட்டு அமுக்கினாள். முகம் மலர்ந்தது.

"முட்டைடா! ஒரு கூடை முட்டை!"

"விடறேன்னு சொன்னியேக்கா."

"நாத்தம் வந்தா சட்டின்னு சொன்னேன். முட்ட வந்தா என்னன்னு சொன்னேனா?"

"முட்டையெல்லாம் நீயே எடுத்துக்க. இட்டு முடிச்சதும் அவள எனக்கு விட்டுடு."

"பெரிய வெள்ளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இடலேன்னா நானே எடுத்துக்குவேன்."

முட்டையிடத் தோண்டுவதற்கு ஆழம் வேண்டுமே என்று அமில்கார் இன்னும் இரண்டு கூடைத் தூளைக் கொட்டினான். மேலே பூவைப் புதிதாக வரைந்தான்.

பெரிய வியாழனன்று பெர்லாவால் பின்னங்கால்களை இழுக்க முடியவில்லை. டெலியோவின் கடைக்கு ஓடினான். பெரிய வாரத்துக்குப் பூட்டியிருந்தது. வெள்ளி விடிந்ததும் தெருக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். "அமில்கார், வெயில் ஏறுறதுக்குள்ள வாய்யா." போனான். வீட்டுக்குப் போக எழுந்த ஒவ்வொரு முறையும் இன்னொரு கோடு போடக் கூப்பிட்டார்கள், திரும்பக் குனிந்தான்.

மதியம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது பெர்லா சமையல் பலகையில் பிளந்து கிடந்தாள்.

"தானா செத்தா சட்டிக்கு ஆகாதுடா. கண்ணு சொருகிடுச்சு, அதான் முந்திக்கிட்டேன்," என்ற ஒஃபேலியா எரிச்சலோடு கத்தியை நீட்டிக் காட்டினாள். "எங்கடா முட்டை?"

முட்டை ஒன்றுகூட இல்லை. குடல் மணிக்கட்டுப் பருமனுக்குத் திரண்டிருந்தது. அதைக் கத்தி கீறியதும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, அவன் தெருவில் அழுத்துவதைவிட இறுக்கமாக, ஈரத்தூள் பலகையில் விழுந்தது. சிவப்புதான் அதிகம்.

ஒஃபேலியா அதைக் கத்திமுனையால் கிளறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

"வந்து பாருங்க, எந் தம்பி கம்பளத்த எங்க விரிச்சிருக்கான்னு!"

லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். "நெசப் பூன்னு நெனச்சுத் தின்னிருக்கு. இதுக்கு மேல ஒன்ன யாரும் பாராட்ட முடியாது அமில்கார்."

கறியை முகர்ந்து பார்த்த ஒஃபேலியா முகம் சுளித்தாள். கறியெல்லாம் மரத்தூளின் தேவதாரு வாடை. வாலைப் பிடித்துத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு வீட்டில் வெறும் அவரைக்கொட்டைதான். அதற்கும் அவனைத்தான் வைதாள்.

சாயங்காலம் பவனி வந்தது. அமில்கார் ஓரமாக நின்றான். பேழையைச் சுமந்தவர்களின் செருப்புகள் அவன் வரைந்த செம்பருத்தியில் ஏறி இறங்கிப் போயின. வேறு வருடங்களில் பேழையைப் பார்ப்பான். இந்த முறை கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தால் கூண்டுக்குள் இரண்டு கோழிகள்.

"நல்ல தரைடா, எதுக்கு வீணாக்கணும்?" என்றாள் ஒஃபேலியா.

ஒரு கோழி கழுத்தைச் சாய்த்துச் சிவப்பு இதழை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கொத்தியது.

அமில்கார் கூண்டைத் திறந்தான். கோழிகளை ஒதுக்கிவிட்டு, தூளை இரண்டு கையாலும் வாரி வாரிச் சாக்கடையில் கொட்டினான். மூலைகளில் இருந்ததை நகத்தால் சுரண்டினான். பிறகு பின்கட்டுக்குப் போய்த் தன் அட்டையை எடுத்துவந்து, கூண்டின் அளவுக்கு மடித்து விரித்தான்.

"அப்ப நீ எதுலடா படுப்ப?"

"தரையில."

ஒஃபேலியா கல்லைத் துடைத்து முடித்து விளக்கை அணைக்கப் போனாள்.

"பாத்துடா. சிமெண்ட நக்கி வச்சிடாத."