ஒரு கட்டம் தள்ளி

வீட்டைப் பூட்டினால் ஹாஜா மைதீன் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். கேஸ் அடுப்பின் குமிழையும் அப்படித்தான். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு சீசன் டிக்கெட் இருக்கிறதா, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே சட்டைப்பை தையல் விட்டுப்போனதும் உண்டு. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றின் டூல் ரூமில் அவருக்குப் பதினொரு வருஷ சர்வீஸ். தலைமுடிக் கனம் கூடுதலாக வெட்டிவிட்டால் முழு அச்சும் வீண் என்கிற வேலை. அந்தப் பயந்த சுபாவம் அங்கே அவருக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித் தந்திருந்தது.

செஸ்ஸிலும் அதே ஆள்தான். வெள்ளைக் காய் வந்தால் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். அடுத்து, ராஜாவுக்கு முன்னால் நிற்பதை ஒரே ஒரு கட்டம். அப்புறம் எல்லாக் காயும் வேலிக்குள். கேன்டீனில் அவரைத் தோற்கடிப்பது கஷ்டம். அவர் யாரையாவது தோற்கடிப்பதும் கஷ்டம். பெரும்பாலும் டிராதான்.

2004 ஜூலையில் அந்த டிரா உதவாமல் போயிற்று.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான செஸ் போட்டிக்குக் கம்பெனி நான்கு பேரை அனுப்பும். டீமில் இருப்பவர்களுக்குப் போட்டி முடியும்வரை, மூன்று மாசம், ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம், நைட் கிடையாது. மூன்று இடம் நிரம்பியாயிற்று. நான்காவதுக்கு ஹாஜா மைதீனும், அதே கம்பெனியின் ஓசூர் பிளான்ட்டைச் சேர்ந்த சாலமோனும். பஸ் செலவு எதற்கு, ஆன்லைனில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிடுங்கள் என்று ஹெச்.ஆர். லோகநாயகி மேடம் சொல்லிவிட்டார். டிரா ஆனால் போன வருஷம் ஆடிய சாலமோனுக்கே இடம்.

டீமில் சேர வேண்டுமென்ற ஆசையெல்லாம் ஹாஜா மைதீனுக்குக் கிடையாது. அவருக்கு வேண்டியது ஜெனரல் ஷிஃப்ட். மனைவி ஹஃபீசாவுக்கு ஏழாம் மாசம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஏழாம் மாசத்தில், அவர் நைட் ஷிஃப்டில் இருந்தபோதுதான் அவளுக்கு வலி கண்டது. செக்யூரிட்டிக்கு வந்த போன் டூல் ரூமுக்கு வந்து சேர நாலு மணி நேரம். அடுத்த வீட்டு கங்கையம்மாள்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை சூபர்வைசரிடம் கேட்டுப் பார்த்தார். "எல்லார் வீட்லயும் பொண்டாட்டி இருக்காங்க, பாய்" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் உஸ்மானின் பிரவுசிங் சென்டர். யாரும் சொல்லித் தரக்கூடாது, வைத்த காயைத் திரும்ப எடுக்கக்கூடாது என்று மேடம் அனுப்பிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது உஸ்மான்தான்.

"இன்னாண்ணா, அதே வேலிதானா?"

"ம்."

"வேலி போட்டா டிரா. டிரான்னா ஓசூர். தெரியும்ல?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"கை வரமாட்டேங்குதே."

ஆளுக்கு அரை மணி நேரம். முதல் சிப்பாய் இரண்டு கட்டம் போயிற்று. சாலமோனும் தன் சிப்பாயை அப்படியே எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். ஹாஜா மைதீன் ராஜாவின் சிப்பாயைப் பிடித்து ஒரு கட்டம் நகர்த்தப் பார்த்தார். திரையில் அம்பு நகரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். மவுஸ் சட்டென்று துள்ளி, சிப்பாயை இரண்டாவது கட்டத்தில் போட்டது. நேராக சாலமோனின் சிப்பாயின் வாய்க்குள்.

உஸ்மான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சாட்சிக் கையெழுத்து ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

டூல் ரூமில் கட்டர் ஒரு தரம் ஆழமாக இறங்கிவிட்டால் போன இரும்பு போனதுதான். ஆனால் சாலமோன் உடனே வெட்டவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு, நாலு. சும்மா கொடுக்கிற காயை எடுக்க இவ்வளவு யோசனையா? அந்த நேரத்தில் ஹாஜா மைதீன், கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, ரப்பர் உருண்டையை எடுத்து, உள்ளே உருளைகளில் படிந்திருந்த கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டி ஊதினார்.

"எத்தனை மாசமாச்சுடா இதைத் துடைச்சு?"

"மவுஸைத் துடைப்பாங்களா?" என்றான் உஸ்மான், நிஜமாகவே தெரியாமல்.

ஆறாவது நிமிஷம் சாலமோன் சிப்பாயை வெட்டினான்.

ஒரு காய் குறைந்த பிறகு வேலிக்குள் உட்கார்ந்தால் மெல்ல மெல்லத் தோற்கலாம், அவ்வளவுதான். அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குதிரை வெளியே வந்தது. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ராஜாவுக்கு அரணாக நின்ற இன்னொரு சிப்பாயையும் தானே முன்னால் தள்ளிக்கொடுத்தார். மவுஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சாலமோன் அதையும் எடுத்தான். அதை எடுத்த சிப்பாயை இவர் குதிரை எடுத்தது. ஒரு சிப்பாய் நஷ்டம்தான், ஆனால் பலகை காற்றோட்டமாகத் திறந்துகிடந்தது. சட்டையில்லாமல் தெருவுக்கு வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

சாலமோன் தன் மந்திரியை அந்தக் குதிரைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். இவர் தன் மந்திரியை எதிர் ராஜாவின் பக்கம் குறிவைத்து நிறுத்தினார். சாலமோன் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை அசட்டையாக ஒரு கட்டம் நகர்த்தினான். அப்போது தெரிந்தது அது. ஹாஜா மைதீன் மூன்று தரம் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்ப்பது போலவே. ராஜாவை ஒட்டி நின்ற சிப்பாயை வெட்டி, மந்திரியைக் கொடுத்து ராஜாவுக்குச் செக். ராஜா அதை எடுத்தது. குதிரை பாய்ந்து மறுபடி செக். ராஜா ஒதுங்கியதும் குதிரை திரும்பி சாலமோனின் மந்திரியைத் தின்றது. இப்போது கணக்கு சரி. சாலமோனின் ராஜா மட்டும் கோட்டைக்கு வெளியே நின்றது, இனி உள்ளே போக வழியில்லை.

மற்றது அவர் தினமும் செய்கிற வேலை. அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, யானையால் ஒரு பக்கம், ராணியால் ஒரு பக்கம். முப்பத்தொன்றாவது நகர்த்தலில் சாலமோன் விட்டுக்கொடுத்தான். திரையின் ஓரத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: 'சார், மூணு நாளா உங்க ஒரு கட்டத்துக்குத்தான் படிச்சிட்டு வந்தேன். இது எப்ப தயார் பண்ணீங்க?'

தட்டச்சு செய்ய அவருக்கு நேரம் பிடித்தது. 'தயார் பண்ணல தம்பி. மவுஸ் வழுக்கிடுச்சு.'

பிறகு, 'விட்டுக்கொடுத்தது நான்தானே சார். வீட்ல கேட்டதா சொல்லுங்க.'

உஸ்மானின் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தார். துணைக்கு இருந்த கங்கையம்மாள் எடுத்து, ஹஃபீசாவிடம் கொடுத்தார்.

"கெடச்சிடுச்சு."

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

"அழறியா?"

"வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன்" என்றாள். "நிஜமா நைட் இல்லையா?"

"இல்ல."

"அப்ப வரும்போது புதினா வாங்கிட்டு வாங்க. நல்லதா பார்த்து."

அவர் மார்க்கெட்டில் நின்று மூன்று கட்டுப் புதினாவைப் பிரித்துப் பார்த்து, ஒன்றை வாங்கினார். ரயிலில் உட்கார்ந்த பிறகு, சீசன் டிக்கெட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, ஹஃபீசா சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க" என்றாள். அவர் டீ டம்ளரோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆட்டோவை அவரே பிடித்தார். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

போட்டியில் அவர் பழையபடி ஒரே கட்டம்தான் தள்ளினார். ஆடிய ஐந்தும் டிரா. கேன்டீனில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், எழுந்து போகும்போது குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தரம் திருகிப் பார்த்தார்.