நடுங்கிய படம்

பாலக்கோட்டுத் தக்காளி இலையில் தெளித்த வெள்ளி நானோ துகள்களைப் படமெடுக்க, தருமபுரி ஆய்வகமொன்றில் மேசைமேல் இருந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. பெரிதாக்கும்போதெல்லாம் திரையில் படம் நடுங்கியது. மின்விசிறியை நிறுத்தினேன். நெடுஞ்சாலை லாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் கருவியையே சபித்தேன். எனக்கு ஒதுக்கிய நேரமும் தீர்ந்தது.

அடுத்துத் தன் முறைக்காகப் பட்டுப்புழு முட்டைகளோடு காத்திருந்த மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க. நீங்க காலாட்டுறப்ப முட்டி மேசையில இடிக்குதுங்க. என் நேரத்துல கொஞ்சம் எடுத்துக்குங்க.”

காலாட்டுவதை நிறுத்தினேன். இலையின் ரோமங்களில் துகள்கள் கடுகு சிதறியதுபோல அசையாமல் இருந்தன.

இப்போதெல்லாம் எது சரியாக வராவிட்டாலும், கத்துவதற்கு முன் குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.