கோமளம் பார்த்த நாடகங்கள்

மயிலாப்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சந்திரமௌலி பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி தவறிய பிறகு, கணவனை இழந்து அவரோடு வந்து சேர்ந்த தங்கை கோமளம்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதி அவர்களுடையது. மாடியில் வங்கி அதிகாரி பத்ரிநாராயணனும் அவர் மனைவி விஜயலக்ஷ்மியும் குடியிருந்தார்கள்.

சென்னையில் ஒளிபரப்பு ஆரம்பித்த மறு வருஷமே மாடிக்கு டிவி வந்துவிட்டது. மரக்கதவு வைத்த பெரிய பெட்டி. மொட்டை மாடியில் ஆன்டெனா ஏறியபோது தெருவே அண்ணாந்து பார்த்தது. சந்திரமௌலி மட்டும் பார்க்கவில்லை. கண் என்பது புஸ்தகம் படிக்க இருப்பது என்ற கட்சி அவர்.

கோமளத்துக்கு அந்தப் பெட்டி இன்னொரு உலகம். செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை படம் என்று சாயங்காலமே சமையலை ஒழித்துவிட்டு மாடிக்குப் போவாள். ஒரு சென்ட் நிலம் இல்லாதவள், விவசாயிகளுக்கான நிகழ்ச்சியைக்கூட விட மாட்டாள். படம் நின்று "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று எழுத்து வந்தால், அதையும் பார்த்தபடி நகராமல் உட்கார்ந்திருப்பாள் என்று விஜயலக்ஷ்மி சொல்லிச் சிரிப்பாள்.

எழுபத்தாறு முடிகிற சமயம், சபாக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து சந்திரமௌலி சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டே கோமளம் அந்த வருஷம் தனக்கு ரொம்பப் பிடித்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ஒரு நாடகம். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற குமாஸ்தா, அலுவலகச் சாவியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் மேஜை மேஜையாக அலைகிற கதை. கரண்டியையே சாவியாகப் பிடித்துக்கொண்டு, அந்தக் குமாஸ்தா நின்ற நிலையை, தோள் தொங்கிய தொங்கலை அப்படியே நின்று காட்டினாள். அப்புறம் ஒரு விவசாயி வாழை வைப்பதைப் பற்றி வெகு தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கையில் பின்னால் நின்ற ஆடு அவருடைய துண்டின் நுனியை மென்றதைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாவதாக ஒரு வீணைக் கச்சேரி என்று அவள் தொடங்கியபோது சந்திரமௌலி இலையைக் காட்டி மோர் விடச் சொன்னார். அவள் விட்டாள். வீணைக் கச்சேரி அத்தோடு நின்றுபோயிற்று.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள் கோமளம் சொன்னாள்: "அண்ணா, விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியறது. தலையும் விண்ணு விண்ணுனு தெறிக்கறது."

"எல்லாம் அந்தப் பெட்டியை முறைச்சுப் பார்க்கறதனால வர வினைதான். நாளையிலேருந்து மாடிக்குப் போக வேண்டாம்" என்றார் சந்திரமௌலி.

கோமளம் மாடிக்குப் போவதை நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமைகளில் மேலேயிருந்து நாடகத்தின் பேச்சு மங்கலாகக் கேட்கும்போது கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். தலைவலி வந்தால் சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டுக்கொள்வாள். வலி நிற்காததைப் பார்த்து, தனக்குத் தெரியாமல் டிவிக்குப் போகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மாடிப்படியில் விஜயலக்ஷ்மியை நிறுத்திக் கேட்டார். "கோமளம் மாடிப்படி ஏறியே எத்தனையோ நாளாச்சே மாமா. நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிட்டேன்" என்றாள் அவள். அப்போதும் அவருக்கு டாக்டர் ஞாபகம் வரவில்லை. முன்பு பார்த்ததன் பலன், போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் அவள் காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். அன்றைக்கே இரண்டு தரம் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சந்திரமௌலி பள்ளிக்கு லீவு போட்டு அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார். ஒரு கண் போய்விட்டது, மற்றதில் நிழலாட்டம் மட்டும்தான், ஆபரேஷன் செய்தாலும் போனது திரும்பாது என்றார்.

"டிவி பார்த்ததாலதானே டாக்டர்?" என்று சந்திரமௌலி கேட்டார்.

"டிவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. விளக்கைச் சுத்தி வட்டம் தெரியறதுன்னு சொன்னாங்களே, அப்பவே வந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்."

கோமளம் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பொங்கல் கழிந்ததும் சந்திரமௌலி டிவி வாங்கினார். "எதுக்குண்ணா இப்போ?" என்று கோமளம் கேட்டாள். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். வருஷக்கணக்காக வகுப்பில் பேசிய மனிதருக்கு நாடகத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருத்தன் வருகிறான், உட்காருகிறான் என்பார். மூஞ்சி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால், சாதாரணமாகத்தான் இருக்கிறது என்பார். அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் காட்சி மாறிவிடும். அவருடைய பேச்சில் நடிகர்களின் பேச்சும் அவளுக்குக் கேட்காமல் போகும். சில நாள் விஜயலக்ஷ்மி இறங்கி வந்து சொல்வாள். அவள் சொன்னால் கோமளம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம், கரண்டியைச் சாவியாகப் பிடித்துக்கொண்டு நின்றவளை அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தது சந்திரமௌலிக்கு நினைவு வரும்.

அந்த வருஷமும் மார்கழி வந்தது. கோமளமே கேட்டாள். "இந்த வருஷம் பார்த்ததுல உனக்கு எதுண்ணா ரொம்பப் பிடிச்சுது?"

யோசித்துப் பார்த்தார். ஒன்றும் முழுசாக நினைவில் இல்லை. நாடகம் ஓடும்போதெல்லாம் அவர் கண் தங்கையின் முகத்திலேயே இருந்திருக்கிறது.

"கோமளம், அன்னிக்கே உன்னை நான் டாக்டர்கிட்ட..."

"அவர் சொன்னப்போ நானும் அங்கேதானே இருந்தேன். அந்தப் பேச்சு வேண்டாம்ணா" என்றாள். குரலில் கோபமில்லை. பரவாயில்லை என்றும் அவள் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வெகு காலம் காத்திருந்தார்.

அதற்கப்புறம் கோமளம் மெல்ல ரேடியோவுக்குத் திரும்பிவிட்டாள். டிவியை விற்றுவிடலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள். சந்திரமௌலி செவ்வாய்க்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து நாடகம் பார்த்தார். முடிந்ததும் டிவியின் கதவைச் சாத்திவிட்டு அவளருகே போய்க் கதையைச் சொல்வார். அவள் ரேடியோவின் ஒலியைக் குறைத்துக்கொண்டு கேட்பாள். சில நாள் பாதியிலேயே தூங்கிப்போவாள். அவர் மிச்சத்தையும் தாழ்ந்த குரலில் சொல்லி முடிப்பார்.