டைம்கீப்பரும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டமும்

சுருட்டிய தாள்களைக் கையில் பிடித்தபடி நூற்பாலை டைம்கீப்பர் எங்கள் கூட்டத்து அறையின் வாசலில் வந்து நின்ற அந்தச் சனிக்கிழமை பிற்பகல், நான் கரும்பலகையில் அன்றைய கட்டுரையின் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கண்ணாலேயே கேட்டார். கையில் வைத்திருப்பது என்னவென்று எனக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது. சைக்ளோஸ்டைல் தாள்களின் மங்கிய கருப்பு எழுத்தும், முதல் பக்கத்து ஓரத்தில் நான் பேனாவால் செய்திருந்த திருத்தமும் தெரிந்தன. அது என் கட்டுரை. அதை நான் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பொருளியல் விரிவுரையாளராக இருந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைத் திறந்து, ஆய்வுக் கூட்டம் ஒன்றை நடத்திவந்தேன். அமைப்புக் கோட்பாடு என்று இன்று அந்தத் துறையைச் சொல்கிறார்கள். அன்று எங்களிடம் அந்தச் சொல் இல்லை. ஒரு மில், ஓர் அலுவலகம், ஒரு பள்ளிக்கூடம் என்று பல பேர் ஒரே கூரையின்கீழ் சேர்ந்து வேலை செய்கிறார்களே, அங்கே யாருடைய சொல் செல்லுபடியாகிறது, சுவரில் மாட்டியிருக்கும் பதவி வரிசைக்கும் உள்ளே நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் எங்கள் கேள்வி. நிறுவனம் என்பதா, அமைப்பு என்பதா என்று ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடியிருக்கிறோம். வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். வேறொரு கல்லூரியின் வணிகவியல் பேராசிரியர் எங்களில் மூத்தவர். கப்பலில் மாதக்கணக்கில் தாமதமாக வந்து சேரும் வெளிநாட்டு ஆய்விதழ்கள் அவர் ஒருவரிடம்தான் இருந்தன. மற்றவர்கள் ஆசிரியர்கள், ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர், ஒரு தலைமையாசிரியர்.

கூட்டம் நடத்துவது என்றால் பெரும்பாலும் கைவேலைதான். கட்டுரையை வாங்குவது, ஸ்டென்சில் அடிப்பது, பத்துப் பிரதி எடுப்பது, ஒரு வாரம் முன்பே தபாலில் சேர்ப்பது, வராதவர்களுக்குக் கார்டு போடுவது, அறையின் சாவியை வாங்கிப் பெஞ்சுகளைத் துடைப்பது. எழுதியவர் பத்து நிமிடத்துக்குமேல் பேசக்கூடாது, பிறகு கேள்விகள்தான் என்று ஒரு விதி வைத்திருந்தேன். பாராட்டிப் பேசக்கூடாது என்பது இன்னொரு விதி. அந்த விதிகளில் எனக்குப் பெருமை இருந்தது. ஒரு பெண் கூப்பிட்டு இத்தனை ஆண்கள் மாதந்தவறாமல் வந்து உட்காருகிறார்கள் என்பதிலும் பெருமை இருந்தது. மறைப்பானேன்.

திருச்செங்கோட்டுச் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையைப் பற்றி எழுத நான் முடிவு செய்தது அந்தப் பெருமையில்தான். மற்றவர்களெல்லாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினார்கள்; நான் நேரில் போய்ப் பார்த்து எழுதுவேன் என்று நினைத்தேன். மேனேஜர் படித்தவர், மறுப்புச் சொல்லாமல் அனுமதி கொடுத்தார். கோடை விடுமுறை முழுவதும் விடியற்காலை பஸ்ஸில் போய் மில் வாசலில் இறங்கினேன். அங்கேதான் டைம்கீப்பரைச் சந்தித்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு குடியானவக் குடும்பத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலையொட்டிய சிறிய அறையில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்வது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். முதல் இரண்டு வாரம் நான் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் திடீர் மழையில் நான் நனைந்து நின்றபோது உள்ளே கூப்பிட்டு, தன் துண்டைத் தயங்கித் தயங்கி நீட்டினார். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்.

மில்லில் நிரந்தரத் தொழிலாளர்களைத் தவிர, வாசலில் காத்திருக்கும் பதிலி ஆட்களும் உண்டு. யாராவது வராமல் போனால் அந்த இடத்துக்கு இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பெண்கள். யாரை எடுப்பது என்று தீர்மானிக்கவேண்டியவர், மில்லின் விதிப்படி, உள்ளே வேலையை மேற்பார்க்கும் மாஸ்டர். ஆனால் உண்மையில் அதைத் தீர்மானித்தது வாசல்தான் என்று நான் கண்டுபிடித்தேன். மாஸ்டர் எழுந்து வருவதற்குள் டைம்கீப்பர் ஆளைப் பிரித்து அனுப்பியிருப்பார். வீட்டில் நோயாளி கிடக்கிறவளுக்கு முதல் இடம். நேற்று வேலை கிடைத்தவளுக்கு இன்று கடைசி இடம். கைக்குழந்தைக்காரி சங்கு ஊதிப் பத்து நிமிடம் கழித்து வந்தாலும் அவர் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் நானாப் பாத்துச் செய்யறதுதானுங்க டீச்சர்" என்றார். அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைக்கு வாசலின் அதிகாரம் என்று பொருள்படும் தலைப்பு வைத்தேன். மில்லின் பெயரை மாற்றினேன். அவரை வாயில் அலுவலர் என்று மட்டும் குறிப்பிட்டேன். கூட்டத்தில் அதைப் படித்தபோது பேராசிரியர் என் விதியை மீறிப் பாராட்டினார். வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பலாம், இதையே வளர்த்தால் டாக்டர் பட்டத்துக்குப் போதும் என்றார். அந்த மகிழ்ச்சியில், அனுமதி கொடுத்தவருக்கு நன்றி சொல்வதுதான் முறை என்று, ஒரு பிரதியை நானே உறையிலிட்டு மேனேஜருக்கு அனுப்பிவைத்தேன். அவர் மில்லுக்கு ஒரே வாசல்தான், அந்த வாசலில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது, எத்தனையோ கேள்விகளை வரிசைப்படுத்திக் கேட்கத் தெரிந்த எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை உள்ளே வந்த டைம்கீப்பர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டத்தை நான் எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. நடுவில் பேராசிரியர், வந்திருப்பவர் யார் என்று கேட்டார். நான் சொன்னேன். டைம்கீப்பர் எழுந்து நின்று, தன்னை வாசலிலிருந்து கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று வருத்தமோ கோபமோ காட்டாமல் சொன்னார். மேனேஜர் இந்தத் தாள்களை முன்னால் வைத்து, இதில் இருப்பது நீதானே என்று கேட்டாராம். தனக்கு இங்கிலீஷ் தெரியாததால், திருப்பித் தருவதாகச் சொல்லித் தாள்களை அவரிடமே வாங்கி, போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லக் கேட்டாராம்.

"நான் சொன்னதுல ஒண்ணையும் மாத்தாம எழுதியிருக்கீங்க. உங்க மேல குத்தம் சொல்ல வரலீங்க" என்றார். கையிலிருந்த தாள்களைக் காட்டி, "இது யாரு கைக்குப் போகும்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க. இன்னும் யாரு யாருகிட்ட இருக்குதுங்க இது?"

பத்துப் பிரதி எடுத்திருந்தோம். எவையெவை யாரிடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "செரிங்க, போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறு வாரம் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். தவறு என்னுடையது, அவரைப் பழைய இடத்தில் வையுங்கள் என்று கேட்டேன். அவர் எனக்குக் காப்பி வரவழைத்தார். தண்டனையெல்லாம் இல்லை, சம்பளம் அதே சம்பளம்தான், ஒழுங்கு என்று ஒன்று வேண்டும் இல்லையா என்றார். "உங்க கட்டுரை எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்ததும்மா. இதே மாதிரி நூற்பு செக்‌ஷனைப் பத்தியும் நீங்க எழுதணும்" என்றார். அந்த அறையைவிட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. ஓர் ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டை அன்று நான் கேட்டேன்.

அங்கிருந்தே டைம்கீப்பர் வீட்டுக்குப் போனேன். திருச்செங்கோட்டு மலை தெரியும் தூரத்தில், சோளக்காட்டின் நடுவே இரண்டு அறை வீடு. அவர் கிடங்கிலிருந்து வந்திருக்கவில்லை. மனைவி கயிற்றுக் கட்டிலில் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிறகு அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு யாருகிட்டயும் பேசறவருல்லீங்க அம்மணி. உங்ககிட்டத்தான் பேசுனாரு." ஈஸ்டருக்கு முன்னால் கோவிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். உள்நோக்கம் இல்லாததால் இது பாவமாகாது என்றார் சாமியார். பாவம்தான் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்துக்குக் கட்டுரை எதுவும் வைக்கவில்லை. கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்பதே அன்றைய பேச்சு. பேராசிரியர், உலகத்தில் எங்கும் ஆய்வு இப்படித்தான் நடக்கிறது, இதற்கெல்லாம் கலங்கினால் ஒன்றும் எழுதமுடியாது என்றார். நிறுத்தவேண்டாம், ஆனால் விதியை மாற்றவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இனி எந்தக் கட்டுரையும், அதில் வருகிறவருக்கு முதலில் தமிழில் வாசித்துக் காட்டப்பட்ட பிறகே எங்களிடம் வரும். அவர் அடிக்கச் சொன்னதை அடித்துவிடவேண்டும். பேராசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடிக்கச் சொன்னதை அடித்தால் மிஞ்சுவது ஆய்வு அல்ல, நற்சான்றுப் பத்திரம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதன்பிறகு அவர் வரவில்லை, அவருடைய இதழ்களும் வரவில்லை. என் கட்டுரையை நான் எங்கும் அனுப்பவில்லை. கொடுத்த பிரதிகளை வாங்க வீடுவீடாகப் போனேன். என்னுடையதோடு சேர்த்து ஒன்பது கிடைத்தன, மில்லுக்குப் போனது அங்கேயே தங்கிவிட்டது. பட்டத்தைப் பற்றிப் பிறகு நான் யோசிக்கவில்லை.

புதிய விதியைச் சொல்லி டைம்கீப்பருக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் வரவில்லை, இரண்டு மாதம் கழித்து அவரே வந்தார். அன்றிலிருந்து, சனிக்கிழமை ஓய்வு கிடைத்த மாதமெல்லாம் பஸ் ஏறி வந்து அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏன் வருகிறார் என்று நான் கேட்கவில்லை. பஞ்சுத் தூசியால் இருமல் வந்திருந்தது. இருமல் வந்தால் வெளியே போய் நின்றுவிட்டு வருவார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் கம்பெனி என்று என்னென்னவோ கட்டுரைகள் வந்தன. பெரும்பாலும் மெலிந்த கட்டுரைகள்தான், பேராசிரியர் சொன்னதுபோலவே. ஒரு முறை, ஆஸ்பத்திரி நர்சுகளைப் பற்றி எழுதிய ஓர் இளைய ஆசிரியரிடம் டைம்கீப்பர் கேட்டார்: "அந்தப் பொண்ணு உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சுன்னு எப்படீங்க தெரியும்?" நாங்கள் அதை ஒரு நல்ல முறையியல் கேள்வியாக எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் விவாதித்தோம். அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், வருகிறவர்கள் மாற்றலாகிப் போகப் போகக் கூட்டம் தேய்ந்து நின்றது. டைம்கீப்பர் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனேன். திண்டு வைத்துச் சாய்ந்திருந்தார், மூச்சு வாங்கியது. மனைவி இந்த முறை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் டைம்கீப்பர், உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும் என்றார்.

"வாசல்ல ஆளெடுத்தது நானில்லீங்க டீச்சர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பதிலிப் பெண்களில் ஓர் அம்மாள் இருந்தாராம். ஊரிலிருந்து மில்லுக்கு நடந்து வரும் வழியிலேயே, அன்றைக்கு யார் வீட்டில் என்ன கஷ்டம், யார் முதலில் போகவேண்டும் என்று பெண்கள் எல்லாரும் பேசி முடித்துவிடுவார்கள். அந்த அம்மாள் அதன்படி அவர்களை வரிசையில் நிறுத்திவைப்பார். இவர் முன்னால் நிற்பவர்களை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். நான் விடுமுறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த வரிசை அது. எப்படி அமைந்தது என்று நான் அந்தப் பெண்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

"நீங்க கேட்டப்ப நெசத்தைச் சொல்லியிருந்தா, அந்தம்மாவை மறுநாளே வாசப்பக்கம் வரவேண்டாம்னிருப்பாங்க. பதிலி ஆளைக் கேக்கறதுக்கு யாரு இருக்காங்க? எனக்கு வந்தது கிடங்கோட போச்சு" என்றார். புதிதாக வந்த டைம்கீப்பரும் முன்னால் நிற்பவர்களைத்தான் எடுத்தாராம். அவருக்கும் அதுதான் சுலபம். தான் போனபிறகும் வரிசை ஒரு நாள்கூட மாறவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான்.

"அந்தம்மா போன ஐப்பசியில போயிருச்சுங்க. எனக்கும் ரொம்ப நாளில்லை. இனி எழுதுனா யாருக்கும் ஒண்ணும் வராது. எழுதறதா இருந்தா சரியா எழுதிப்போடுங்க."

அவர் இறந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. இன்று ஆய்வு மாணவர்கள் என்னைப் பார்க்க வரும்போது, சம்மதப் படிவங்களைக் காட்டுகிறார்கள். தகவல் சொல்பவர் கையெழுத்திடவேண்டும். அவருடைய அடையாளம் காக்கப்படும் என்று அச்சிட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் அவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். போட்டுவிட்டு, என்னிடம் சொன்னதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சரியாக எழுதும்படி அவர் சொன்னதை இத்தனை வருடம் தள்ளிப்போட்டு, இப்போதுதான் எழுதுகிறேன். அந்த அம்மாளின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.