கிரீடம் கழற்றும் சைகை

தொண்ணூறுகளில் சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். தறிகள் ஓடும்போது பேச்சு காதில் விழாது, எல்லாம் சைகைதான். கல்லூரி முடித்த நானும் அக்காவும் வங்கித் தேர்வுக்கான ஆங்கில வார்த்தைகளை அங்கேதான் மனப்பாடம் செய்தோம். அவள் நெசவுக்கான ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பாள். நான் சுவரில் சாக்பீஸால் வார்த்தையை எழுதுவேன், அவள் பொருளை நடித்துக் காட்டுவாள்.

புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ராஜாக்கள் பதவி இறங்கும் வார்த்தைகள். அப்டிகேட், ரினௌன்ஸ், டிபோஸ். ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்க இத்தனை வார்த்தையா என்று எனக்கு எரிச்சலாக வரும். அக்காவுக்கோ கொண்டாட்டம். அப்டிகேட் என்று ராஜா தானாக விலகினால், இல்லாத கிரீடத்தைக் கழற்றி என் கையில் கொடுப்பாள். டிபோஸ் என்று விரட்டப்பட்டால், தன் பிடரியில் தானே ஒரு தள்ளு. அவளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நான் பத்து முறை எழுதியும் தப்பு விட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தச் சமயம் தறி ஓட்டிய ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இனி ஒருத்திதான் கோயமுத்தூர் பயிற்சி வகுப்புக்குப் போகலாம், மற்றவள் தறியோடு இருந்தாக வேண்டும். தங்கச்சியே போகட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏன் கண்ணு, அவ நெசமாவே வேண்டாங்கறாளா, இல்ல உனக்கோசரம் உட்டுக்குடுக்கறாளா? ஆசையிருந்தா அவளே போகட்டும். நீ அடுத்த வருசம் போலாம்.”

அக்காவுக்கு ஆசை இருப்பது எனக்குத் தெரியும். வார்த்தைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைச் சுவரில் எப்போது எழுதுவாய் என்று அன்று காலைகூடக் கேட்டிருந்தாள்.

“அவளுக்கு இங்கிலீசே ஏறலீங்கப்பா. அதான் வேண்டாங்கறாளுங்க” என்றேன்.

அப்பா நம்பினார். நான் தேர்வாகி ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா இன்னொரு தறிக்காரர் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டாள். என் பொய்யை அப்பா அவளிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வருடங்கள் கழித்து, விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் ஆங்கிலப் பாடத்தில் சந்தேகம் கேட்டு அம்மாவிடம் வந்தாள்.

“சித்தியக் கேளு கண்ணு. எனக்கு இங்கிலீசு ஏறாதுன்னு தாத்தாகிட்ட அவதான் அப்பவே சொன்னா.”

குத்திக் காட்டவில்லை. தனக்கு ஏறாது என்று நம்பித்தான் சொன்னாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.